மச்சானோடு வேப்பம்பட்டுக்கு

தேவராஜுக்குத் தன் மனைவியின் அண்ணன் வேம்புலியோடு ஒரு காலைப்பொழுதைக் கழிப்பதில் இஷ்டமே இல்லை. ஆனால் சொர்ணம் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் வேப்பம்பட்டு ஸ்டேஷனுக்குப் போய் நீராவி எஞ்சினைப் படம் பிடிக்கப் போகிறேன் என்று அவன் சொன்னதுமே, அண்ணனையும் கூட்டிப் போகச் சொல்லிவிட்டாள். அவளுக்கு இருப்பது ஒரே அண்ணன். இவர்கள் இரண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளாதது அவளை உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்தது.

தேவராஜ் வேலூர்ப் பக்கத்துக்காரன். ஆவடி ராணுவத் தொழிற்சாலையில் ஃபிட்டர், குவார்ட்டர்ஸில் வீடு. வேம்புலி பாடியில் ஒரு கம்பெனியில் தகடு அடிக்கும் பிரஸ்ஸில் நின்றான். கல்யாணமான புதிதில் இருவரும் நன்றாகத்தான் பழகினார்கள். போன வருஷத்திலிருந்துதான் வேம்புலி மாறிப்போனான். கூப்பிட்டால் திரும்புவதில்லை. கேட்டதற்குப் பதில் வருவதில்லை. பொங்கலன்று பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து தேவராஜ் இரண்டு முறை நலம் விசாரித்தும், இலையை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. அரசாங்க வேலைக்காரன் என்ற பொறாமையா, தங்கையைச் சரியாக வைத்துக்கொள்ளவில்லை என்ற கோபமா, தேவராஜுக்குப் புரியவில்லை. வாய்விட்டுக் கேட்கவும் மானம் இடம் கொடுக்கவில்லை.

இருட்டோடு ஆவடியில் ரயில் ஏறினார்கள். பட்டாபிராம் தாண்டும்வரை தேவராஜ் கேமராவைப் பற்றி ஏதேதோ சொல்லிப் பார்த்தான். வேம்புலி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தான்.

வேப்பம்பட்டில் இறங்கும்போது கிழக்கு வெளுத்திருந்தது. சுற்றிலும் வயல்தான். தரைக்கு ஒரு முழம் உயரத்தில் பிளாட்பாரம், ஓட்டுக் கூரை போட்ட சின்ன அறை, பட்டணத்துக்குப் போகக் கூடையோடு காத்திருந்த கீரைக்காரி பொன்னியம்மா. வேறு ஆள் இல்லை. அரக்கோணத்திலிருந்து வரும் பாசஞ்சர்தான் தேவராஜின் குறி. வெயில் முகத்தில் விழ, புகையைக் கக்கிக்கொண்டு எஞ்சின் வரும். பிளாட்பாரத்தின் மேற்கு முனைக்குப் போய், கழுத்தில் தொங்கிய பாக்ஸ் கேமராவைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றான். வேம்புலி பல் துலக்கக் குச்சி ஒடிக்க, இரண்டு தண்டவாளங்களையும் தாண்டி எதிர்ப்பக்க வேப்ப மரத்துக்குப் போனான்.

தூரத்தில் புகை தெரிந்தது. திரும்பி வந்துகொண்டிருந்த வேம்புலியும் அதைப் பார்த்துவிட்டான். அங்கேயே, எதிர் லைனின் நடுவில் நின்று, வாயில் குச்சியோடு மேற்கே கையைக் காட்டினான். படத்தில் அவனும் விழுகிறானே என்று சலித்துக்கொண்டு தேவராஜ் நிமிர்ந்தான். அப்போதுதான் முதுகுப்பக்கம் அந்தச் சத்தம் கேட்டது. பட்டணத்திலிருந்து மெயில், நிற்காமல் போகிற வண்டி, வேம்புலி நிற்கும் அதே லைனில் பாய்ந்து வந்துகொண்டிருந்தது. எஞ்சின் நீளமாக ஊதியது. வேம்புலி அசையவில்லை. தேவராஜ் தொண்டை கிழியக் கத்தினான். அப்போதும் திரும்பவில்லை.

தேவராஜ் என்ன நினைத்தான் என்று பிறகு அவனுக்கே சொல்லத் தெரியவில்லை. வாரைக் கழுத்திலிருந்து பிடுங்கிக் கேமராவை வீசிவிட்டுக் குதித்தான். ஒரே ஓட்டத்தில் முதல் லைனைத் தாண்டி, தோளால் வேம்புலியை மோதித் தள்ளினான். இரண்டு பேரும் ஜல்லியில் உருண்டு அந்தப் பக்கத்துப் பள்ளத்தில் விழுந்தார்கள். தலைமாட்டில் பூமி அதிர, பெட்டி பெட்டியாக மெயில் கடந்துபோனது.

அது போன பிறகும் தேவராஜின் கை வேம்புலியின் சட்டையை விடவில்லை. வேம்புலி முதலில் தன் காலைத் தொட்டுப் பார்த்தான், பிறகு தேவராஜின் முகத்தைத் தொட்டுப் பார்த்தான்.

"காது கேக்கல மச்சான்" என்றான். "வலது காது சுத்தமா பூட்ச்சி. ஊதுன சத்தம் கேட்டுது, எந்தப் பக்கத்துலேர்ந்துன்னு தெரியல. எதிர்ல வர்ற வண்டிதான் ஊதுதுன்னு நின்னுகினு இருந்தேன்."

தேவராஜ் கத்தியது அவனுடைய வலது பக்கத்திலிருந்து. பொங்கலன்று பந்தியில் உட்கார்ந்திருந்ததும் வலது பக்கம்தான். விஷயம் வெளியே தெரிந்தால் வேலையிலிருந்து நிறுத்திவிடுவார்கள் என்று வேம்புலி ஒருவரிடமும், சொர்ணத்திடம்கூட, சொல்லவில்லை. பிரஸ்ஸின் இரைச்சலில் இடது காதும் போய்விடுமோ என்ற பயத்தில் ராத்திரி தூக்கமும் போய்விட்டது.

"நான் உனக்கு என் மேல கோவம்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன்" என்றான் தேவராஜ்.

"உன் மேல இன்னாத்துக்கு கோவம்? என் தங்கச்சி நல்லா கீறா. எனக்கு வேற இன்னா ஓணும்?"

தேவராஜுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. முழங்காலில் ரத்தம் கசிந்ததை அவன் அப்போதுதான் கவனித்தான்.

பாசஞ்சர் வந்து நின்று, போயும்விட்டது. பொன்னியம்மா அதில் ஏறாமல் நின்றிருந்தாள். கேமராவின் முதுகு திறந்து, ஃபிலிம் சுருள் வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. அதை அப்படியே முந்தானையில் ஏந்திவந்து கொடுத்து, பெட்டி போனால் போகிறது, முழுசாக வந்தீர்களே என்று இருவருக்கும் செம்பிலிருந்து தண்ணீர் வார்த்தாள். அதுவரை எடுத்திருந்த அத்தனை படமும் வெளிச்சம் பட்டுப் பாழ். தேவராஜுக்கு அது ஒரு பொருட்டாகவே படவில்லை.

மறுநாள் லீவு போட்டு அவனே வேம்புலியை ஈ.எஸ்.ஐ. டாக்டரிடம் அழைத்துப் போனான். வலது காதில் பழைய சீழ், ஜவ்வு கிழிந்திருக்கிறது, அந்தக் காது இனிக் கேட்காது என்றார் டாக்டர். இடது காது நன்றாக இருக்கிறது, இரைச்சலிலிருந்து விலகி இருந்தால் ஒன்றும் ஆகாது என்று சொல்லிச் சீட்டும் எழுதிக் கொடுத்தார். கம்பெனியில் சீட்டை வாங்கிக்கொண்டு யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள்.

அந்த வாரக் கடைசியில் வேம்புலி பாடியிலிருந்து சைக்கிளை மிதித்துக்கொண்டு நேராகக் குவார்ட்டர்ஸுக்கு வந்தான். வாசலிலேயே சொல்லிவிட்டான்: ஸ்டோருக்கு மாற்றிவிட்டார்கள், சாமான் எடுத்துக் கொடுக்கிற வேலை, சத்தமே கிடையாது. சொர்ணம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கம்பெனியில் என்ன சொல்வார்களோ என்று அன்று காலையிலிருந்து வேலையில் கை ஓடாமல் இருந்த தேவராஜ் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். பசி அப்போதுதான் தெரிந்தது. இரண்டு பேருக்கும் சோறு போடச் சொல்லிவிட்டு, கை கழுவக் குழாயடிக்குப் போனான்.