குரலுக்கு எத்தனை ஜிபி

1

இந்தக் கதை எனக்கு லிஃப்டில் கிடைத்தது. கிட்வாய் நகர் அரசுக் குடியிருப்பில் எங்கள் பிளாக் லிஃப்ட் நிதானமாக ஏறும். மேல்மாடி லிடியா அக்கா போனில் யாரிடமோ சொல்லிக்கொண்டு வந்தார்: "வீடியோல அத்தானுக்க வாய் முந்திப் போவுது, குரல் பொறவு வருது."

மீதியில் பாதி கேட்டு வாங்கியது, பாதி நான் கட்டியது. எது எந்தப் பாதி என்று கேட்காதீர்கள்.

முதல் வரியாக இதை எழுதினேன்: "தில்லியின் ஜூன் வெயிலில், நேரு பிளேஸ் படிக்கட்டில்..." (வேண்டாம். தில்லிக் கதை என்றாலே வெயிலில்தான் தொடங்க வேண்டுமா?)

பிறகு: "கிளமெண்டின் கழுத்தில் ஒரு கட்டி..." (எடுத்த எடுப்பில் உங்களைப் பயமுறுத்துவானேன்? ஆனால் சொல்லியாகிவிட்டது. இருக்கட்டும்.)

2

கிளமெண்ட், லிடியாவின் கணவர். நாகர்கோவில்காரர். ஓர் அமைச்சகத்தில் செக்‌ஷன் ஆபீசர். ஞாயிறுதோறும் தமிழ்த் திருச்சபைப் பாடகர் குழுவில் அடிக்குரல். அவர் பாடினால் பெஞ்சு அதிரும் என்று சபையில் சொல்லிக்கொள்வார்கள்.

கட்டி தைராய்டில். எடுத்துவிட வேண்டும் என்றார் டாக்டர். "குரலுக்குப் போற நரம்பு பக்கத்துலயே ஓடுது. பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது."

லிடியா நர்ஸ். (கதைக்குள் வந்துவிட்டதால் இனி 'அவள்'தான். அக்கா பொறுத்துக்கொள்ள வேண்டும்.) அந்தப் 'பெரும்பாலும்' என்ற சொல்லை அவளே எத்தனையோ குடும்பங்களிடம் சொல்லியிருக்கிறாள். வீட்டுக்கு வந்ததும் கணவரை ஹாலில் நிறுத்தி, புதுப் போனில் ஃபோர்-கே தரத்தில் பாடவைத்துப் படம்பிடித்தாள். நடுவே வரும் இருமலையும் பேச்சையும் வெட்டிவிட்டுப் பாட்டுகளைக் கோத்து வைக்க வேண்டும். அவ்வளவுதான் அவள் ஆசை. வீட்டுக் கம்ப்யூட்டரோ படத்தைத் திக்கித் திக்கி ஓட்டியது.

"கம்ப்யூட்டர்தான் பிரச்சினை. நான் பாத்துக்கிடுகேன்" என்றார் கிளமெண்ட்.

சரி என்றாள். அங்கேதான் தப்பு நடந்தது.

3

முதலில் புது பிராசஸர் என்றார். அதற்கேற்ற மதர்போர்டு. பிறகு கிராபிக்ஸ் கார்டு; அது தின்கிற கரண்டுக்குப் பெரிய பவர் சப்ளை; அதை அடைக்கப் பெரிய கேபினெட்.

"மேசையயும் மாத்தணுமா அத்தான்?"

"அதத்தான் யோசிக்கேன்."

காலையில் எடுத்த முடிவு மாலையில் மாறும். ஆபீஸ் கோப்பைப் போலவே, வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் 'கூடுதல் விவரம் தேவை' என்று குறிப்பெழுதித் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார். ஆபரேஷன் நாள் மட்டும் எந்த விவரமும் கேட்காமல் நெருங்கியது.

(இந்த இடத்தில் அவரைக் கஞ்சனாக்கிப் பார்த்தேன். ஒட்டவில்லை. எந்தக் கஞ்சன் இவ்வளவு பெரிய கேபினெட் கேட்பான்?)

உண்மையைக் கண்டுபிடித்தது நானில்லை, லிடியா. ஆஸ்பத்திரிக்குப் பை அடுக்கும்போது கேட்டாள்: "டாக்டர் குடுத்த பேப்பர படிச்சீங்களா?"

"நீ படிச்சல்லா?"

"ஆபரேஷனுக்கு என்ன பேருன்னாவது தெரியுமா?"

கிளமெண்ட் மானிட்டரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. சந்தையில் உள்ள அத்தனை கிராபிக்ஸ் கார்டும் பெயரும் நம்பருமாக மனப்பாடம் அவருக்கு. இந்த ஒரு பெயர் தெரியவில்லை. லிடியாவுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. மானிட்டருக்குள் ஒளிந்துகொண்ட அவர் முதுகைப் பார்த்ததும் போய்விட்டது.

"செருப்பப் போடுங்க. நேரு பிளேஸ் போவோம்."

4

"கேமிங்கா, மேடம்?" என்று நேரு பிளேஸ் கம்ப்யூட்டர் கடைக்காரர் இந்தியில் கேட்டார்.

"இல்ல அண்ணா, இவரோட இருமல வெட்டணும்."

அதற்கும் அவர் இருப்பதிலேயே பெரிய கிராபிக்ஸ் கார்டைத்தான் எடுத்து வைத்தார். கிளமெண்டின் முகம் மலர்ந்தது. லிடியா மெட்ரோவிலேயே ஒரு கட்டுரையைப் படித்து முடித்திருந்தாள். ஒன்றே ஒன்று, அதனால் குழப்பமில்லை.

"ரேம் கூட்டிப் போடுங்க. பழைய ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலா எஸ்எஸ்டி. சும்மா வெட்டி ஒட்டுறதுக்கு இது போதும்."

"நாலு வருஷம் கழிச்சுப் பத்தாமப் போச்சுன்னா?" என்றார் கிளமெண்ட்.

"நாலு வருஷம் கழிச்சு நீங்களே வந்து, நீங்களே பேரம் பேசி, அந்தக் கார்ட வாங்குங்க."

'பேசி' என்ற சொல் இருவருக்கும் நடுவில் அப்படியே நின்றது.

திரும்பும் ஆட்டோவில், மூல்சந்த் சிக்னலில், அவர் கேட்டார்: "அந்த நரம்பு எங்க இருக்கு?"

லிடியா அவர் விரலைப் பிடித்துத் தன் கழுத்தில் வைத்தாள். "இங்க. நூல் மாதிரி."

"பயமா இருக்கு லிடியா."

"எனக்கும்தான்."

ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துவிட்டுச் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். (இது நான் சேர்த்தது. யாராவது பார்த்திருக்க வேண்டும் என்று தோன்றியது.)

5

வாங்கியதைக் கிளமெண்டே மாட்டினார். மென்பொருள் பெரிய படங்களுக்குச் சின்ன நகல்கள் எடுத்து வைத்துக்கொண்டது, திக்கல் நின்றது. லிடியா வெட்ட உட்கார்ந்தாள்.

பாட்டு முடிகிறது. கிளமெண்ட் தண்ணீர் கேட்கிறார். "ஜல்தி லிடியா, தொண்ட காயுது" என்கிறார். "இது ரெக்கார்ட் ஆகுதா, நிறுத்து" என்கிறார். பால்கனிப் புறாவை விரட்டுகிறார். திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். எதையும் வெட்டவில்லை.

"பாட்டு சபையில எல்லார்ட்டயும் இருக்கு. இது எனக்குள்ளது."

"அப்போ இந்தச் செலவெல்லாம் எதுக்கு?"

"வெட்ட வேண்டாம்னு தெரிஞ்சுக்கிட."

6

முடிவுகள் கைவசம் இரண்டு. சபையில் மறுபடி பெஞ்சு அதிர்கிறது, எல்லோரும் கண்கலங்குகிறார்கள். (சினிமா.) குரல் போய்விடுகிறது, லிடியா அந்த வீடியோவைத் தனியே போட்டுப் பார்க்கிறாள். (இது அதைவிடச் சினிமா.)

நடந்தது இவ்வளவுதான். மயக்கம் தெளிந்ததும் டாக்டர், "ஏதாவது பேசுங்க" என்றார். கிளமெண்ட் டாக்டரைப் பார்க்கவில்லை, லிடியாவைப் பார்த்தார்.

"பசிக்கு" என்றார்.

"இப்போ ஒண்ணும் தரமாட்டாங்க" என்று சொல்லிவிட்டு லிடியா சிரித்தாள். கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.

எந்தக் குரலில் என்றுதானே கேட்கிறீர்கள்? "கரகரத்த..." என்று எழுதி அடித்தேன். "பழையபடி கணீ..." என்று எழுதி அதையும் அடித்தேன். எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன். தினமும் சாப்பாடு கேட்கிற, தண்ணீர் கேட்கிற, சில சமயம் எரிச்சலும் மூட்டுகிற ஒரு குரல் உங்கள் வீட்டிலும் இருக்கும். 'பசிக்கு' என்ற அந்தச் சொல்லை அந்தக் குரலில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.