அளவு குறைந்த அங்கி

சபை நாடகத்தில் வருஷா வருஷம் இயேசு வேஷம் தையல்காரருக்குத்தான். ஆற்றிலிருந்து எழுந்து அவர் கையை விரித்தால் கூடமே கைதட்டும். இந்த வருஷம் பாஸ்டர் அந்த வேஷத்தைத் தையல்காரரின் சகலைக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார். நேற்று சபைக்கு வந்த எலக்ட்ரீஷியன்! தையல்காரருக்கோ, இயேசுவுக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் தீர்க்கதரிசி வேஷம்.

"கடவுள் சொன்னதைச் சொல்றவர் தீர்க்கதரிசி. இயேசு பேசினா அது கடவுளே பேசுறது. அந்த வித்தியாசம் ஜனங்களுக்குப் புரியணும், அழுத்திச் சொல்லுங்க" என்றார் பாஸ்டர்.

வீட்டில் மனைவி சமாதானம் சொன்னாள். "தீர்க்கதரிசியும் பெரிய ஆள்தானேங்க?"

"பெரிய ஆள்தான். யாரும் கும்பிட மாட்டாங்களே!"

வயிறு எரிந்தது. வேஷ உடைகளைத் தைப்பதும் அவர்தான். சகலையின் அங்கிக்குக் கக்கத்தில் வேண்டுமென்றே துணியைக் குறைத்து வெட்டினார். கையை விரிக்கட்டும், டர்ரென்று கிழியட்டும், கூடம் சிரிக்கட்டும்.

நாடக நாளும் வந்தது. "நீர்தானா அவர்?" என்று மேடையில் கூட்டம் கேட்டது. பல்வலிக்காரன் மாதிரி, "நான் அவரல்ல" என்றார் தையல்காரர். சகலையைத் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்தி எழுப்பிவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்.

சகலை கையைத் தூக்கவே இல்லை. நெஞ்சோடு கைகளைச் சேர்த்து, சொட்டச் சொட்டத் தலைகுனிந்து நின்றார். கூடத்தில் ஒரு இருமல் இல்லை. முன்வரிசையில் தையல்காரரின் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அவர் இயேசுவாக நின்ற காலத்தில் அவள் கொட்டாவிதான் விட்டிருக்கிறாள்!

"என்ன தாழ்மை! தெய்வமே வந்து நின்ன மாதிரி இருந்துச்சு" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டது.

திரைக்குப் பின்னால், நனைந்த அங்கி சகலையின் தோளில் சிக்கிக்கொண்டது.

"அண்ணே, கொஞ்சம் வெட்டி விடுங்களேன்."

தையல்காரர் கத்தரிக்கோலோடு போனார். கக்கம் இரண்டும் தோலுரிந்து சிவந்திருந்தன.

"இறுக்கம்னு முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"ஒத்திகையிலயே தெரிஞ்சுதுண்ணே. கையைத் தூக்கினா கிழிஞ்சிடும். அண்ணன் தையல் கிழிஞ்சுதுன்னு நாலு பேர் பேசினா கடைக்குத்தானே கெட்ட பேரு? அதான் தூக்கல."

வேண்டுமென்றே செய்தது என்று சகலைக்குத் தெரியுமா? முகத்தைப் பார்த்தால் ஒன்றும் பிடிபடவில்லை. எரிச்சலில், "புண்ணுக்கு மருந்து ஏதாவது போடு" என்று முனகிவிட்டு, தையல்காரர் அங்கியைக் கத்தரித்தார்.

இத்தனை நாளும் பட்டதெல்லாம் பொறாமையே இல்லை என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. வேஷத்தைப் பாஸ்டரிடம் சண்டை போட்டாவது அடுத்த வருஷம் வாங்கிவிடலாம். இந்த மனசை யாரிடம் போய்க் கேட்பது?