தாழிடாத கதவு

கொழுந்தன் வழக்கம்போலத் தட்டாமலே உள்ளே வந்தான்.

"அண்ணி, நாளைக்குக் கல்வெட்டுத் திரையை நீங்கதான் விலக்கணும். சங்கத்துல முடிவாயிடுச்சு."

அவள் தையல் மெஷினை நிறுத்தினாள். "உங்கண்ணன் அங்க ரொட்டிக்கடை வச்சிருந்தாராமே?"

அவன் முகம் வெளுத்தது.

பல வருஷங்களுக்கு முன் அந்தத் தெருவிலிருந்து ஐந்து ஆலைத் தொழிலாளிகள், ஏதோ ஒரு நாட்டின் உள்நாட்டுப் போரில் சண்டையிடக் கப்பலேறினார்கள். அங்கே தங்களைப் போன்றவர்கள் சாகிறார்கள் என்று சங்கக் கூட்டத்தில் கேட்டதே போதுமாக இருந்தது. நால்வர் இறந்த செய்தி வந்தது. ஐந்தாமவனான அவள் கணவனைப் பற்றி எதுவும் வரவில்லை. அவன் எந்நேரமும் வரலாம், கதவைத் தாழிடக்கூடாது என்று தெரு சட்டம் போட்டது. இளமை முழுக்க ஒரு கண்ணைத் திறந்துவைத்தே தூங்கினாள். தையல்கடை மாஸ்டர் அவளைக் கட்டிக்கொள்ளக் கேட்டபோது, "அண்ணன் வந்து நின்னா என்ன பதில் சொல்லுவீங்க?" என்று கேட்டவன் இதே கொழுந்தன். மாஸ்டர் ஊரைவிட்டே போனார்.

இன்று காலை, விழாவுக்காக அந்த நாட்டிலிருந்து வந்த பழைய போராளி ஒருவர் மொழிபெயர்ப்பாளரோடு துக்கம் விசாரிக்க வந்தார். அவருடைய நண்பனான அவள் கணவன் போன வருஷம்தான் இறந்தானாம். அங்கே அவன் மனைவியும் இரண்டு மகள்களும் ரொட்டிக்கடையை நடத்துகிறார்களாம். அவளை அவனுடைய தங்கை என்று நினைத்திருந்தார். அப்படித்தான் அவன் சொல்லிவைத்திருந்தான்.

"உனக்கு எப்பத் தெரியும், தம்பி?"

"சண்டை முடிஞ்ச வருஷமே அண்ணன் எனக்கு லெட்டர் போட்டாரு. சொல்லியிருந்தா தெருவோட மானம் கப்பலேறியிருக்கும், அண்ணி."

"கப்பலேறினது உங்கண்ணன். மானத்தை நான்தானே கட்டிக் காத்தேன்?"

அவன் தெருவில் யாராவது கேட்கிறார்களா என்று வாசலை எட்டிப் பார்த்தான்.

"கல்லுல 'போரில் மடிந்தோர்'னு அவர் பேரும் இருக்காமே? கதவுக்கு உயிரோட இருந்தவரு, கல்லுக்குச் செத்துட்டாரா?"

"ஊரே திரண்டு வருது. நாளைக்கு ஒருநாள் மட்டும் வாயைத் திறக்காதீங்க. உங்க கால்ல வேணா விழறேன்."

"சரி, போ."

அவன் பெருமூச்சோடு போனான். கதவை விரியத் திறந்து போட்டுவிட்டே போனான்.

அவள் மெஷின் எண்ணெயை எடுத்துவந்து தாழ்ப்பாளில் விட்டாள். துரு கறுப்பாக வழிந்தது. இரண்டு கையாலும் இழுத்தாள். கிறீச்சிட்டு நகர்ந்தது.

மறுநாள் காலை, தெருமுனை ஒலிபெருக்கி தியாகிகளின் பெயர்களை வாசித்துக்கொண்டிருந்தது. கஞ்சி போட்ட சட்டையில் வந்த கொழுந்தன் தோளால் கதவைத் தள்ளினான். இடித்துக்கொண்டான்.

மறுபடி தள்ளினான். பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, வாழ்க்கையில் முதல் முறையாக அந்தக் கதவைத் தட்டினான்.

உள்ளே மெஷின் ஓடும் சத்தம் நின்றது.

"யாரு?" என்றாள்.