வெள்ளரி விதையின் கீழ்ப்பக்கம்

எங்கள் பெட்டி ஓயாமல் உருண்டுகொண்டிருக்கும். உள்ளே ஈரத்துணியில் இருபது வெள்ளரி விதைகள். உருளுகிற விதைக்கு எது மேல், எது கீழ் என்று தெரியாது. ஆகவே வேர்கள் திசைக்கொன்றாகப் போகவேண்டும். விண்வெளியில் நடக்கப்போவதற்குத் தரையில் ஒத்திகை. பல்கலைக்கழகத்தின் கிளிநொச்சி வளாகத்தில் மூன்று பேர் இரண்டு மாதமாக இதோடு மாரடித்தோம். வேர்களோ இருபதும் ஒரே பக்கம் பார்த்து வளர்ந்தன. இரண்டு தரம். எனக்கு விசர் பிடிக்காத குறை.

"உன்ரை மோட்டர்தான் நிண்டு நிண்டு சுத்துது," என்றேன் நிருஷனிடம். அவன் பொறியியல், நான் விவசாயம்.

"மூண்டு தரம் கழட்டிப் பூட்டிட்டன், யது. உன்ரை விதைக்குத்தான் ஏதோ வருத்தம்."

விதை வட்டக்கச்சியில் எங்கள் தோட்டத்து விதை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்று முழுக்க அவனோடு கதைக்கவில்லை.

போட்டியில் தெரிவானால் பெட்டி றொக்கெட்டில் போகும். அப்போது பெட்டிக்குள் விதை வைக்க ஒருவருக்குத்தான் அனுமதி. அவர் பெயரைத் திங்கள் ஐந்து மணிக்குள் அறிக்கையோடு அனுப்பவேண்டும். அந்த ஒருவர் நான்தான் என்று முதல்நாளே சண்டைபிடித்து வாங்கியிருந்தேன். அப்பா ஊர் முழுக்கச் சொல்லியும் விட்டார்.

வெள்ளிக்கிழமை நான் வீட்டுக்குப் போனதால் மூன்றாம் தரம் எங்கள் குழுவின் மற்றவள், ஜெயரூபினி, விதை வைத்தாள். முல்லைத்தீவுக் கடற்கரைப் பிள்ளை, தகப்பனுக்குக் கடற்தொழில். திங்கள் மத்தியானம் திறந்தோம். வேர்கள் திசைக்கொன்றாகப் போயிருந்தன.

அதே விதை, அதே மோட்டர். சந்தோஷப்படுவதா அழுவதா என்று விளங்கவில்லை.

"எப்பிடியடி வைச்சனீ?"

"எப்பிடியெண்டு? போட்டன். விழுந்தபடி துணியால அமத்தினன்."

"கூர் நுனி எந்தப் பக்கம்?"

"விதைக்கு நுனி இருக்கோ?"

நிருஷன் பழைய படங்களை எடுத்தான். நான் வைத்த நாற்பது விதையிலும் கூர் நுனி ஒரே பக்கம். வேர் அந்த நுனியால்தான் வரும். அப்பா சொல்லித்தந்தபடி அதைக் கீழே பார்க்க நட்டே பழகிய கை. பெட்டிக்குக் கீழ்ப்பக்கம் இல்லை என்று அறிக்கையில் எழுதியதும் நான்தான். கண்ணை மூடிக்கொண்டு மறுபடி வைத்துப் பார்த்தேன். விரல் தடவி, நுனியைத் திருப்பிவிட்டது. எனக்கு என்மேலேயே கோபம் வந்தது.

நாலே முக்காலுக்குப் படிவத்தில் ஜெயரூபினியின் பெயரை எழுதினேன். "எனக்கு வேண்டாமடி," என்றாள். "வாயை மூடு," என்றேன்.

ஆறு மணிக்கு அப்பா தொலைபேசியில் எடுத்தார். "பேர் குடுத்திட்டியோ பிள்ளை?"

"ஜெயரூபினியின்ரை பேரைக் குடுத்தனப்பா."

"ஏன்? அந்தப் பிள்ளைக்கு விதை வைக்கத் தெரியுமோ?"

"தெரியாதப்பா. அதுக்காகத்தான்."



"அப்ப, நான் பழக்கினது பிழையோ பிள்ளை?"

"இல்லையப்பா," என்றேன். "மண்ணுக்கு அது சரிதான். இந்தப் பெட்டிக்குத்தான் கீழ்ப்பக்கம் இல்லை."