அடக்க விலைக்குக் கீழே

தொழில் தொடங்குவது எப்படி என்று பாண்டிதுரைக்கு நன்றாகத் தெரியும், தொடங்கியதில்லை, அவ்வளவுதான். ராஜபாளையத்தில் பி.பி.ஏ. முடித்துவிட்டு, செல்போனை ஜன்னல் கம்பியில் சாய்த்து வைத்து, சிறுதொழில் செய்வோருக்கு ஆலோசனை சொல்லி வீடியோ போட்டுவந்தான். பார்த்தவர்களில் பாதிப் பேர் சொந்தக்காரர்கள். அவர்களில் ஒருத்தி அதை நம்பியும் விட்டாள்.

அவள் அவனுடைய மதினி வெங்கடேஸ்வரி. புருஷன் பட்டாளத்திலிருந்து அனுப்பிய பணத்தை அட்வான்ஸாகக் கொடுத்து, ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நைட்டிக் கடை போட்டிருந்தாள். சரக்கு முழுவதும் ராஜபாளையத்து மொத்த வியாபாரி சீனிச்சாமியுடையது. விற்றால் காசு, விற்காவிட்டால் சரக்கு வாபஸ். எல்லாம் நம்பிக்கையில் நடந்தது. கடை திறந்த நாளிலிருந்து சரக்கும் அப்படியே இருந்தது, நம்பிக்கையும் அப்படியே இருந்தது.

தீபாவளிக்குப் புதுச் சரக்கு இறக்குவதா, இருப்பதையும் அள்ளிக்கொண்டு போவதா என்று நேரில் பார்த்து முடிவுசெய்ய, வெள்ளிக்கிழமை வருவதாக அவர் சொல்லிவிட்டார்.

“வந்து பாத்தா நான் ஈ ஓட்டுறது தெரிஞ்சிருமே தம்பி. சரக்கைத் தூக்கிட்டாருன்னா கடையப் பூட்ட வேண்டியதுதான்” என்றாள் வெங்கடேஸ்வரி.

“கடை ஓடுதுன்னு தெரிஞ்சாத்தான் மதினி கடை ஓடும். நான் எதுத்தாப்ல டீக்கடையில நின்னு உங்க கியூஆருக்குக் காசு போடுதேன். காசு வந்தா கல்லாவுல இருக்க பெட்டி சத்தமாச் சொல்லும்லா? அண்ணாச்சி கேட்டுக்கிட்டே இருப்பாக.”

“கடையில ஆளே இல்லாம காசு மட்டும் எப்படி வரும்?”

“நேத்து வாங்கினவுக வீட்ல இருந்து போடுதாகன்னு சொல்லுங்க.”

“அது பொய்யில்லையா?”

“மார்க்கெட்டிங் மதினி.”

வெள்ளிக்கிழமை சீனிச்சாமி வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். சற்று நேரத்தில் பெட்டி, “முந்நூற்றைம்பது ரூபாய் பெறப்பட்டது” என்றது.

“நேத்து ஒரு அக்கா வாங்கிட்டுப் போனாக அண்ணாச்சி” என்றாள் வெங்கடேஸ்வரி, தரையைப் பார்த்துக்கொண்டு.

பெட்டி மறுபடியும் முந்நூற்றைம்பது என்றது. “பரவால்லயே தாயி!” சீனிச்சாமி கால்மேல் கால் போட்டுக்கொண்டார்.

அப்போதுதான் யாரும் எதிர்பாராதது நடந்தது. கடைக்கு நிஜமாகவே ஒரு வாடிக்கையாளர் வந்தார். கான்சாபுரத்திலிருந்து பஸ் ஏறி வந்த கருத்தம்மா, பூப்போட்ட நைட்டி ஒன்றை விரித்துப் பார்த்து, கசக்கிப் பார்த்து, விலை கேட்டாள்.

“முன்னூத்தம்பதுக்கா.”

எதிரே டீக்கடையில் நின்ற பாண்டிதுரை பரபரப்பானான். ஆள் இருக்கும் நேரத்தில் பெட்டி பேசினால் இன்னும் பொருத்தமாக இருக்கும். ஆனால் அவன் கணக்கில் முந்நூற்றைம்பது இல்லை. தொகையா முக்கியம், சத்தம்தானே முக்கியம் என்று முடிவுசெய்து, இருந்ததில் போட்டான்.

“இருநூறு ரூபாய் பெறப்பட்டது.”

கருத்தம்மா நைட்டியைக் கீழே போட்டாள். “ஏட்டி, இது என்ன நாயம்? எவளுக்கோ இருநூறு, எனக்கு முன்னூத்தம்பதா? பட்டிக்காட்டுக்காரின்னு மூஞ்சியில எழுதி ஒட்டியிருக்கா?”

வெங்கடேஸ்வரி சீனிச்சாமியை ஓரக்கண்ணால் பார்த்தாள். இவளிடம் உண்மையைச் சொன்னால் அவர் கேட்டுவிடுவார். சொல்லாவிட்டால் வந்த ஒரே ஆளும் போய்விடும். “சரிக்கா, நீங்களும் இருநூறே குடுங்க.”

சீனிச்சாமி மேல்காலைக் கீழே இறக்கினார்.

“தாயி, அதுக்கு நான் ஒனக்குப் போட்ட வெல எம்புட்டு?”

“இருநூத்தி நாப்பது அண்ணாச்சி.”

“அடக்க வெலைக்குக் கீழ தள்ளுத.”

அவர் கோபப்படவில்லை; அதுதான் பயமாக இருந்தது. யாவாரம் ஆகாத கடைக்கு அந்தத் தொழிலில் யாரும் பயப்படுவதில்லை. அடக்க விலைக்குக் கீழே விற்கிற கடைக்குத்தான் பயம். கிடைத்த காசைச் சுருட்டிக்கொண்டு, கடையைப் பூட்டிவிட்டு ஓடப்போகிறவன்தான் அப்படி விற்பான்.

“சிவகாசியில ஒருத்தன் இப்படித்தான் வித்தான். நான் போய்ச் சேந்தப்ப பூட்டு மட்டுந்தான் இருந்துச்சு” என்றவர், போனை எடுத்தார். “ஏலே வேல்பாண்டி, லோடு ஆட்டோவ எடுத்துட்டு வா. அம்புட்டையும் ஏத்தணும்.”

வெங்கடேஸ்வரி ரோட்டுக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். திட்டியிருந்தால் பாண்டிதுரை தாங்கியிருப்பான். அவள் வெறுமனே பார்த்தாள். மதுரை பஸ் ஒன்று மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. அதில் ஏறிவிடலாமா என்று அவனுக்கு உண்மையாகவே தோன்றியது. காது மடல் சுட, ரோட்டைக் கடந்து வந்தான்.

“அண்ணாச்சி, இருநூறுக்கு யாரும் வாங்கல.”

“பொறவு?”

“முன்னூத்தம்பதுக்கும் வாங்கல. நேத்தும் வாங்கல.”

“பெட்டி சொல்லுச்சே?”

“அது நான் போட்ட காசு.”

“காட்டு.”

பாண்டிதுரை போனை நீட்டினான். சீனிச்சாமி அதைக் கையெட்டும் தூரத்தில் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு வரியாக உரக்க வாசித்தார். மீதி பதினொரு ரூபாய் என்பதையும் விடவில்லை. டீக்கடையில் இருந்தவர்கள் கிளாஸோடு வாசலுக்கு வந்துவிட்டார்கள். கருத்தம்மாவும் எட்டிப் பார்த்து, “பாவம்” என்றாள்.

“படிச்சிருக்கியாலே?”

“பி.பி.ஏ.”

“கேக்கல.”

“பி.பி.ஏ. அண்ணாச்சி.”

சீனிச்சாமியின் முகம் மெல்லத் தெளிந்தது. “அப்ப யாவாரமே ஆகல?”

“ஆகல.”

“ஒண்ணுகூட?”

“ஒண்ணுகூட இல்ல அண்ணாச்சி.”

“சத்தியமா?”

“சத்தியமா யாரும் வரல.”

ஒவ்வொரு பதிலுக்கும் அவர் இன்னும் கொஞ்சம் சந்தோஷப்பட்டார். எழுந்து அலமாரியைத் தடவிப் பார்த்தார். சரக்கு முழுதாக இருந்தது. வேல்பாண்டிக்குப் போன்போட்டு, “வேண்டாம்லே, வராத” என்றார். “தாயி, தீபாவளிக்கு நான் நெனச்சதுல பாதி போடுதேன். அது போனா மீதிய பாப்போம். ஆனா இந்தக் கூத்து இனிமே வேண்டாம்.” செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

“அப்ப இருநூறு இல்லயா?” என்றாள் கருத்தம்மா.

“முன்னூறு குடுங்கக்கா. அதுக்குக் கீழ முடியாது.” வெங்கடேஸ்வரி கீழே கிடந்த நைட்டியை எடுத்து உதறினாள்.

கருத்தம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பணத்தை எடுத்தபடி, இன்னும் வாசலில் நின்றுகொண்டிருந்தவனை முகவாயால் காட்டினாள். “இந்தத் தம்பி ஒனக்குச் சொந்தமா?”

வெங்கடேஸ்வரி நைட்டியை மடித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

“இல்லக்கா. டீ குடிக்க வந்தவுக.”

பாண்டிதுரை எதையோ சொல்ல வாயெடுத்தான். பிறகு, “ஆமாக்கா” என்று சொல்லிவிட்டு, டீக்கடையை நோக்கி நடந்தான்.