தம்பிக்காகக் கேட்ட கண்ணீர்

என் தங்கை நாஸ்லியின் மகன் தெய்னெர் இறந்தபோது அவனுக்கு இரண்டு வயதுகூட நிரம்பவில்லை. காய்ச்சலோடு படகில் ஏற்றினோம். மழையில் அத்ராத்தோ ஆறு பெருகிக் கிடந்தது. நகரத்து ஆஸ்பத்திரிக்குப் பாதி தூரம் போவதற்குள் என் மடியிலேயே அவன் அடங்கிவிட்டான். படகைத் திருப்பினோம்.

கரையில் அவன் அக்கா யுர்லெயிதி காத்திருந்தாள். ஆறு வயது. அவள் அப்பா தூரத்தில் தங்கச் சுரங்கத்தில் வேலை செய்கிறார். நாஸ்லி விடிந்ததும் மீன் விற்கப் போய்விடுவாள். பிள்ளைகளைப் பெரும்பாலும் பார்த்துக்கொண்டது கைபேசிதான். பள்ளிக்கூடம் போவதற்கு முன்பே எழுத்துகளையும் நிறங்களையும் அதில் கற்றுக்கொண்டாள் யுர்லெயிதி. கார்ட்டூன் மிருகங்களைப் போலவே, எங்கள் ஊரில் யாரும் பேசாத பதவிசான மொழியில் நன்றி சொல்லுவாள். நாங்களும் பெருமையாகச் சிரித்துக்கொள்வோம்.

அவள் உயிரையே வைத்திருந்த படம் ஒரு நீர்நாய்க்குட்டியைப் பற்றியது. குட்டி பனியில் விறைத்துச் செத்துப்போகும். அதை நேசித்தவர்கள் எல்லாரும் சுற்றி நின்று அழுவார்கள். கண்ணீர் பட்ட இடமெல்லாம் ஒளிரும். குட்டி கண் திறக்கும். மெய்யான அன்பு தோற்காது என்று பாடுவார்கள்.

எங்கள் பக்கத்தில் குழந்தை இறந்தால் அழக் கூடாது. பாவமறியாத உயிர் நேரே வானத்துக்குப் பறக்கிறது. தாய் அழுதால் அதன் சிறகு நனைந்துவிடும். அதனால் மேளம் கொட்டிப் பாடுவோம். அன்றும் அப்படித்தான். வெள்ளை உடுப்புப் போட்ட தெய்னெரைக் கைகளில் ஏந்திக்கொண்டு, ஞானஸ்நானத்தில் அவனுக்கு ஞானத்தாயாக நின்ற தேயோபிலா ஆடினாள். பெண்கள் கைதட்டினார்கள். நாஸ்லியும் அவர்களோடு சேர்ந்து பாடினாள்.

யுர்லெயிதி ஒவ்வொருவர் கையாகப் பிடித்து இழுத்து அழச் சொன்னாள். அவர்கள் தலையைத் தடவிவிட்டுப் பாட்டைத் தொடர்ந்தார்கள். கடைசியில் என்னிடம் வந்தாள்.

"மாமா, நீயாவது அழு. நான் அழுதுட்டேன். நான் ஒருத்தி அழுதா பத்தாது."

"அழக் கூடாது கண்ணு. தம்பியால பறக்க முடியாது."

"அவன் எதுக்குப் பறக்கணும்? எந்திரிச்சா போதும்."

படம் வேறு, இது வேறு என்று சொல்லிப் பார்த்தேன். அப்படியென்றால் கைபேசி சொல்லிக்கொடுத்த எழுத்தெல்லாம் பொய்யா என்று கேட்டாள். பிறகு, "நீர்நாய் எந்திரிச்சத நான் பாத்தேன். சிறகை நீ பாத்தியா?" என்றாள்.

மறுநாள் காலை சவப்பெட்டியை மூடும் நேரம். யுர்லெயிதி தாயின் எதிரே போய் நின்றாள்.

"அம்மா, அவன்மேல உனக்கு மெய்யான அன்பு இல்லியா?"

மேளம் நின்றுபோயிற்று. தேயோபிலா தடுக்கக் கை நீட்டுவதற்குள் நாஸ்லி பெட்டியின் மேல் விழுந்துவிட்டாள். அவள் அழுத அழுகையை எங்களில் யாராலும் தாங்க முடியவில்லை. நான் அழுதேன். இரவெல்லாம் ஆடிய தேயோபிலாவும் அழுதாள்.

யுர்லெயிதி மட்டும் அழவில்லை. குனிந்து தம்பியின் இமைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் அழுகை ஓய்ந்தது. மூடியோடு வந்தவரிடம் இன்னும் கொஞ்சம் இருக்கச் சொன்னாள். அந்த மனிதர் மூடியைக் கையில் பிடித்தபடியே நின்றார். பிறகு நான்தான் அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். அவள் திமிறவுமில்லை.

அதன்பின் தாய் முத்தமிட வந்தால் அவள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். மீன் செதில் சீவிக்கொண்டிருக்கும்போது சில நாள் நாஸ்லி என்னிடம் கேட்பாள்.

"அண்ணே, அவன் வானத்துக்குப் போய்ச் சேந்திருப்பான்ல?"

சேர்ந்திருப்பான் என்பேன். வாசலில் இருக்கும் யுர்லெயிதி என்னை ஏறிட்டுப் பார்ப்பாள். இப்போதெல்லாம் அவள் எதுவும் கேட்பதில்லை.