ஆறு மடங்கு உயரம்

உலகம்மாளின் வயிற்றுக்குள் எப்போதும் இரண்டு லிட்டர் நீர் இருக்கும். சர்க்கரை கலந்த அந்த நீர், இரத்தத்தில் சேரும் கழிவை வயிற்றின் உள்சவ்வு வழியாக மெல்ல மெல்ல இழுத்துக்கொள்ளும். சிறுநீரகம் கைவிட்ட வேலையை அது செய்கிறது. சில மணி நேரம் ஊறிய பிறகு அந்த நீரை வடித்துவிட்டுப் புதியதை நிரப்ப வேண்டும். இதற்கு மின்சாரமும் வேண்டாம், எந்திரமும் வேண்டாம். வயிற்றிலிருந்து வரும் குழாயில் இரண்டு பைகளைப் பொருத்தி, நிறைந்த பையை மேலே மாட்டி, காலிப் பையைத் தரையில் போட்டால் போதும். முதலில் பழையது கீழே இறங்கும். பிறகு மேலிருந்து புதியது வரும். மீதியைப் பூமியின் இழுப்பு பார்த்துக்கொள்ளும்.

அந்த இழுப்பு குறைவாக இருக்கும் இடத்தில் என்ன செய்வது? இந்த ஒரு கேள்விதான் அவளைக் கதை எழுத வைத்தது.

அதைத் தன் வாயால் படிப்பதற்காகத்தான் ஒரகடத்துக் கல்யாண மண்டபத்துக்கு வந்திருந்தாள். சுற்றியுள்ள தொழிற்சாலைகளில் வேலை செய்யும் அறிவியல் புனைகதைப் பிரியர்கள் சேர்ந்து நடத்தும் மாநாடு. கீழே கூடத்தில் அட்டைப் பெட்டி ரோபோக்களும், வெல்டிங் முகமூடிக்குப் பச்சை வண்ணமடித்து மாட்டிய வேற்றுக்கிரகவாசி ஒருவரும் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். சென்ற ஆண்டும் அவள் பெயர் கொடுத்திருந்தாள். அவசரத்தில் கையைச் சரியாகக் கழுவாமல் குழாயைத் தொட்டதில் கிருமி புகுந்து, மாநாடு நடந்த அன்று ஆஸ்பத்திரியில் கிடந்தாள். இந்த முறை விடுவதாக இல்லை.

மாடியில் மணமகள் அறையைக் கேட்டு வாங்கியிருந்தாள். துணைக்கு இசைவாணி. சேரப்பணஞ்சேரிக்காரி, உடம்பு கெடும்வரை உலகம்மாள் வேலைக்கு நின்ற அதே தொழிற்சாலை லைனில் பக்கத்து ஸ்டேஷனில் நின்றவள்.

"ஃபேன நிறுத்துட்டி. ஜன்னலையும் சாத்து."

"வெந்துடுவோம்க்கா."

"காத்துல தூசி பறக்கும்லா? குழாய மாட்டுத வரைக்கும் பொறு."

முகக்கவசம் போட்டு, கையைக் கழுவி, உலர்த்தி, குழாயைப் பொருத்தினாள். திரைச்சீலைக் கம்பியில் புதுப் பை தொங்கியது. அவள் படிக்க வேண்டிய நேரம் பன்னிரண்டு. அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் இதைத் தொடங்கினாள்.

"இப்பவே டைம் ஆயிடுச்சேக்கா. படிச்சிட்டு வந்து பண்ணக்கூடாதா?"

"கதை முடிஞ்சதும் கேள்வி கேப்பாவ. அத விட்டுட்டு ஓடியார முடியுமா? பன்னெண்டுன்னு போட்டா ஒரு மணிக்குத்தான் கூப்பிடுவாவ. எந்த விழாட்டி சொன்ன நேரத்துக்கு நடந்திருக்கு?"

கணக்கு தப்பியது அங்கேதான். மாநாட்டை நடத்தியவர்கள் பகல் முழுக்கத் தொழிற்சாலையில் உற்பத்தி அட்டவணை போடுபவர்கள். மாலையில் யாருடைய வரவேற்புக்கோ மண்டபத்தைக் காலிசெய்து தர வேண்டும் என்பதால் இன்னும் கறாராக ஓட்டினார்கள். பழைய நீர் பாதிதான் இறங்கியிருந்தது. சுவரில் இருந்த ஒலிபெருக்கி கரகரத்தது.

"அடுத்த கதை, 'ஆறு மடங்கு உயரம்'. உலகம்மாள், மேடைக்கு வாங்க." ஒருங்கிணைப்பாளர் ஜோயலின் குரல்.

இசைவாணி துள்ளி எழுந்தாள். "யக்கா! கூப்டுறாங்க. கழட்டிட்டு ஓடியா!"

உலகம்மாள் குழாயைப் பார்த்தாள். பாதியில் கழற்றினால் புதுப் பை வீண். கையில் வேறு பை இல்லை. அதைவிட, அவசரமாகக் கழற்றும் கைதான் கிருமிக்குக் கதவு திறக்கும்.

"மாட்டேன். போன வருசம் அவசரப்பட்டுத்தான் படுத்தேன்."

"அப்போ இன்னா, வுட்டுடப்போறியா?"

"ஏன் விடணும்? லைன்ல ஒருத்தி எந்திச்சா லைனா நிக்கும்? ரிலீவர் வந்து நிப்பால்லா? நீ போய் நில்லு."

"நானா! ரேஷன் கடை போர்டயே எழுத்துக் கூட்டிப் படிக்கிறவ நானு!"

"மெதுவா படி. அது இன்னும் நல்லது."

கதைத் தாள்களைப் பிடுங்கிக்கொண்டு இசைவாணி படியிறங்கி ஓடினாள். ஒலிபெருக்கியில் ஜோயல், "எழுதினவங்க இல்லன்னா அடுத்த கதைக்குப் போயிடலாம்" என்று சொல்லி முடிப்பதற்குள் மூச்சிரைப்புக் கேட்டது.

"சார், அக்கா மேல ட்ரீட்மெண்ட்ல கீது. நான் ரிலீவர். அது வர்ற வரைக்கும் நான் நிக்கிறேன்."

கூடம் சிரித்தது. யாரோ விசிலடித்தார்கள்.

"எழுதினவங்கதான் படிக்கணும்மா."

"உங்க கம்பெனில ரிலீவர் வந்து நின்னா வேணாம்னு லைன நிறுத்திடுவீங்களா சார்?"

"நிறுத்த மாட்டேன்" என்றார் ஜோயல். "ஆனா டைம் கூடக் குடுக்க மாட்டேன். படி."

இசைவாணி படித்தாள். எழுத்துகளை முழுங்கினாள், மூச்சு விடக் கூடாத இடத்தில் மூச்சு விட்டாள்.

"நிலவில் எல்லாமே ஆறில் ஒரு பங்கு எடைதான். நீரும் அங்கே சோம்... சோம்பலாகத்தான் இறங்கும். பூமியில் இறங்கும் வேகம் வேண்டுமென்றால் மீனம்மாள் தன் பையை ஆறு மடங்கு உயரத்தில் மாட்ட வேண்டும். வடியும் பையும் அதே அளவு ஆழத்தில்... அடப்பாவமே, அதான் வூட்டுக்குள்ள கெணறு தோண்டினாளா!"

கூடம் மறுபடியும் சிரித்தது. மேலே உலகம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டாள். அவள் கதையில் அந்த இடத்தில் யாரும் சிரிக்கக் கூடாது. எழுந்து ஓட வேண்டும் போலிருந்தது. ஆனால் பை நீரை அதன் வேகத்தில்தான் தரும். பை சுருங்கும்வரை உட்கார்ந்திருந்தாள். கிளிப்பை மூடினாள். கையை மறுபடி கழுவினாள். குழாயைப் பிரித்தாள், புது மூடியைத் திருகினாள், அது இறுகியதைப் பார்த்தாள். பிறகுதான் முகக்கவசத்தைக் கழற்றினாள்.

மேடையேறி, இசைவாணியின் கையிலிருந்த தாளைப் பிடித்தாள். லைனில் இதுதான் முறை: வருகிறவள் கை பொருளின் மேல் பட்ட பிறகுதான் நிற்கிறவள் கையை எடுப்பாள். இசைவாணி வாக்கியத்தின் நடுவிலேயே விலகிக்கொண்டாள். "உயிரோட வந்தியே, மகராசி" என்று முணுமுணுத்தது மைக்கில் கேட்டுவிட்டது.

கடைசிப் பக்கம் மட்டும்தான் மிச்சம். உலகம்மாள் அதைத் தன் குரலில், நிறுத்த வேண்டிய இடங்களில் நிறுத்திப் படித்தாள். கிணற்றின் நடுவே ஏணியில் உட்கார்ந்து, தலைக்கு மேலே எட்டாத உயரத்தில் தொங்கும் பையை மீனம்மாள் அண்ணாந்து பார்க்கும் இடம் வந்தபோது ஒருவரும் சிரிக்கவில்லை. கைதட்டல் ஓய்ந்ததும் பச்சை வெல்டிங் முகமூடி கையைத் தூக்கியது.

"ஒரு பம்ப் வெச்சா முடிஞ்சுதேங்க. கெணறு எதுக்கு?"

"பம்ப் பழுதானா சரி பண்ண ஆள் பூமியிலேர்ந்துல்லா வரணும்? அதுவரைக்கும் அவ என்ன செய்வா?"

"கெணறு பழுதாகாதா?"

உலகம்மாளுக்கு முகம் மலர்ந்தது. இப்படி ஒரு கேள்விக்காகத்தான் அவள் ஒரு வருடம் காத்திருந்தாள். ஜோயல் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். அவள் அவரைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஆகும். எங்கெங்க ஆகும்னு ஒண்ணொண்ணா சொல்லுதேன். முதல்ல பை தொங்குத அந்தக் கொக்கி" என்று கையைத் தலைக்கு மேல் உயர்த்தினாள்.